வேதியியலோடு ஹோமரும் படிக்கலாம்

தாமஸ் செக் 1966-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள கிரினெல் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் படித்தார். கூடவே ஹோமரின் ‘ஒடிசி’, தாந்தேயின் ‘நரகம்’, அரசியல் சாசன வரலாறு என்று வேறு வகுப்புகளுக்கும் போனார். ஆர்.என்.ஏ. மூலக்கூறு நொதியைப் போல வேதிவினையை நடத்தவும் வல்லது என்று கண்டறிந்ததற்காக 1989-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசையொட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், கல்லூரியில் ரசித்துப் படித்தவற்றை அவர் சொல்லும்போது ஹோமரும் தாந்தேயும் முதலில் வருகிறார்கள். வேதியியல் அதற்குப் பிறகுதான்.

இதுதான் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரிகளின் வழி. இயற்பியல் முதல் இசை, தத்துவம் வரை எல்லாமே எல்லோருக்கும் திறந்திருக்கும். எந்தப் பாடம் என்று சேரும்போதே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கிரினெல்லில் நான்காம் செமஸ்டரில் முதன்மைப் பாடத்தைச் சொன்னால் போதும். அங்கே கட்டாய வகுப்பு ஒன்றே ஒன்றுதான்: முதல் செமஸ்டரில் வரும் டுடோரியல். ஆசிரியர் தாம் விரும்பும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வார். மாணவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து அதைப் படிப்பார்கள், வாதிடுவார்கள், கட்டுரை எழுதுவார்கள், திருத்தித் திரும்பவும் எழுதுவார்கள். முதன்மைப் பாடம் முடிவாகும்வரை அவர்களுக்கு வழிகாட்டியும் அந்த ஆசிரியரே.

பட்டம் பெற 124 கிரெடிட் வேண்டும். ஒரே துறையிலிருந்து அதில் சேர்வது அதிகபட்சம் 48.

அப்படியானால் சொந்தப் பாடத்தில் ஆழம் குறையாதா? பெற்றோர் இப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் ராபர்ட் நாய்ஸைப் பாருங்கள். 1949-இல் கிரினெல்லில் பட்டம் பெற்ற அவர் இயற்பியலும் கணிதமும் படித்தவர். நீச்சல் குளத்தில் டைவிங் வீரர், நாடக மேடையிலும் ஏறியவர். டிரான்சிஸ்டர் பற்றிய செய்தி 1948-இல் வெளியானதும் பேராசிரியர் கிராண்ட் கேல் அது குறித்த கட்டுரைகளைத் தேடி வரவழைத்தார். அந்தப் புதுக் கருவியைப் பற்றி நாய்ஸ் அவரிடமே கற்றார். மாணவரை நேரில் அறிந்த ஆசிரியரும் சிறிய வகுப்பும் இருந்ததால் அது நடந்தது. நாய்ஸ் பின்னாளில் ஒருங்கிணைந்த மின்சுற்றை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1968-இல் கார்டன் மூருடன் சேர்ந்து இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்த முறைக்குச் செலவு அதிகம். சிறு வகுப்புகளுக்கு நிறைய ஆசிரியர்கள் வேண்டும், கட்டணமும் ஏறிவிடுகிறது. உதவித்தொகை இல்லாமல் பல குடும்பங்களால் எட்டிப்பார்க்கவும் முடியாது. வழிகாட்டி சரியாக அமையாவிட்டால் மாணவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுவிட்டு வெளியேறும் ஆபத்தும் உண்டு.

ஆனால் பாதை மாற விரும்பும் பிள்ளைக்கு இது பெரிய வரம். மின்பொறியியல் படிக்கக் கிரினெல்லுக்கு வந்த ஹெர்பி ஹான்காக் நடுவில் இசைக்கு மாறி, ஜாஸ் பியானோவில் உலகப் புகழ் பெற்றார். 1970-களில் சிந்தசைசர்கள் பரவியபோது, மின்னணுக் கருவிகள் மீதான பழைய ஆர்வம் அவருக்குக் கைகொடுத்தது. அந்தக் கருவிகளைக் கொண்டு 1983-இல் அவர் வெளியிட்ட ‘ராக்கிட்’ என்ற இசைப்படைப்பு கிராமி விருது பெற்றது.