பச்சை இலைக்குள் விஷம்!

உண்டாக்குவதும் செடிதான், முறிப்பதும் செடிதான்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது படப்பை. பகலென்றும் இரவென்றும் இல்லாமல் அந்தச் சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரகடம். அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர். காரும் லாரியும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம் இது.

"படப்பை" என்ற சொல்லுக்குத் தோட்டம், கொல்லை என்று பொருள். பெயருக்கு ஏற்றாற்போல், அந்தப் பக்கத்தில் ஏரியும் நெல் வயலும் இன்றும் ஆங்காங்கே இருக்கின்றன.

தொழிற்சாலை என்றால் கழிவு உண்டு. அதை அப்படியே வெளியே விட்டால் ஊர் கெட்டுப்போகும். அதனால் கழிவு நீரைச் சுத்தம் செய்ய ஆலைக்குள்ளேயே தனி இடம் வைக்கிறார்கள்.

வயலில் நிற்கும் நெற்பயிரும் ஒரு தொழிற்சாலைதான்! காற்றையும் தண்ணீரையும் வெயிலையும் கொண்டு அது சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரைதான் மாவாகி, நெல்மணியாகி, நம் வீட்டில் சோறாகிறது.

இந்தத் தொழிற்சாலையிலும் கழிவு உண்டு. சாதாரணக் கழிவு அல்ல, விஷம். அதில் பெரும்பகுதியைச் செடி வந்த இடத்திலேயே முறிக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் விஷத்தாலேயே அது வாடிச் சாகும்.

வெயிலால் வரும் வினை

உச்சி வெயிலில் மனிதன் நிழல் தேடுகிறான். மாடு மரத்தடிக்குப் போகிறது. செடி எங்கே போகும்?

இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வருகிறது. தண்ணீர் போதாவிட்டால் செடி இந்தத் துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பாற்ற அதுதான் வழி.

ஆனால் துளையை மூடினால் கரியமில வாயுவும் நின்றுவிடும். வெயில் நிற்குமா? சூரிய சக்தி இலைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. சர்க்கரை செய்யப் பொருள் இல்லை. வேலையற்ற சக்தி, பக்கத்தில் இருக்கும் பிராண வாயுவின் மேல் பாய்கிறது.

நம்மை வாழ வைக்கும் அதே பிராண வாயு அப்போது குணம் மாறிவிடுகிறது. அதற்கு "சூப்பர் ஆக்சைடு" என்று பெயர். இலையின் உள் உறுப்புகளை அது அரித்துவிடும்.

நல்ல மழை பெய்த நாளிலும் இந்த விஷம் கொஞ்சம் உண்டாகும். வறட்சியிலும் உப்பு மண்ணிலும் அது பெருகும். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோன் வாயு இலைக்குள் புகுந்தாலும் இதே தொல்லைதான்.

தீராத வேலைக்காரர்கள்

இந்த விஷத்தை முறிப்பவை நொதிகள். "என்சைம்" என்றும் சொல்வார்கள். ஒரு வாய்ச் சோற்றை வெகுநேரம் மென்று பாருங்கள், இனிக்கும். எச்சிலில் உள்ள ஒரு நொதி மாவைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. நொதி ஒரு பொருளை வேறு பொருளாக மாற்றும். ஆனால் தான் தீர்ந்து போகாது. ஒன்றை முடித்ததும் அடுத்ததைப் பிடிக்கும்.

சூப்பர் ஆக்சைடைப் பிடிக்கும் நொதியின் கதை வேடிக்கையானது. 1938ல் இங்கிலாந்தில் இரண்டு விஞ்ஞானிகள் மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வேலை என்ன என்று தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் பெயராகவே கிடந்தது. 1969ல் அமெரிக்காவில் ஜோ மெக்கார்டு, இர்வின் பிரிடோவிச் என்ற இருவர் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். சூப்பர் ஆக்சைடை மாற்றுவதுதான் அந்த வேலை! "சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்" என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்தான். செடிகளிலும் இந்த நொதி இருக்கிறது.

அது சூப்பர் ஆக்சைடை "ஹைட்ரஜன் பெராக்சைடு" ஆக மாற்றுகிறது. புண் கழுவ மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே பொருள். கிருமியைக் கொல்லும் பொருள் இலையை மட்டும் சும்மா விடுமா? பெரிய திருடன் போய்ச் சின்னத் திருடன் வந்த கதைதான்.

சின்னத் திருடனைப் பிடிக்க "கேட்டலேஸ்" என்ற நொதி வருகிறது. பெராக்சைடை இது தண்ணீராகவும் பிராண வாயுவாகவும் உடைத்துவிடும். இதன் ஒரே ஒரு மூலக்கூறு, ஒரு நொடியில் பல இலட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கிறது. புகையிலை இலைகளை ஆராய்ந்த ஆஸ்கார் லோ என்பவர் 1901ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்.

இலையில் பச்சை நிறம் தங்கியிருக்கும் பகுதியில் வேறொரு நொதி காவல் செய்கிறது. அதற்குக் கையாள், வைட்டமின் "சி". முருங்கைக் கீரையில் அந்தச் சத்து நிறைய உண்டு என்று சாப்பிடுகிறோம். முருங்கை அதை வைத்திருப்பது தன் பாதுகாப்புக்கு!

வீட்டிலேயே பார்க்கலாம்

பச்சை உருளைக்கிழங்கில் ஒரு துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அதன் மேல் சில சொட்டு விடுங்கள். குழந்தைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டென்று நுரை பொங்கும். அந்த நுரையில் இருப்பது பிராண வாயு.

வேக வைத்த துண்டில் இதே சொட்டை விட்டால் நுரை வராது. நொதி சூட்டில் கெட்டுவிட்டது.

மாம்பழத்திலும் ஒரு செய்தி உண்டு. காய் பழுக்கும்போது "எதிலீன்" என்ற வாயு உண்டாகிறது. காயைப் பழுக்க வைப்பதே அதுதான். கூடவே மிக மிகக் கொஞ்சம் சயனைடும் பிறக்கிறது. பயப்பட வேண்டாம்! ஒரு நொதி அதைப் பிடித்துப் புரதம் கட்ட உதவும் சத்தாக மாற்றிவிடுகிறது. தாராளமாகச் சாப்பிடலாம்.

உப்பட்டை கொடுத்த கடன்

2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல் நீர் புகுந்தது. உப்பு ஏறிய மண்ணில் பயிரின் வேர் தண்ணீரை இழுக்க முடியாது. பிறகு நடப்பது மேலே சொன்ன கதைதான்: துளை மூடும், விஷம் பெருகும், நொதிகளால் சமாளிக்க முடியாமல் போகும்.

ஆனால் பிச்சாவரத்துச் சேற்றில், உப்பு நீரிலேயே நிற்கிறது உப்பட்டை மரம். வெண்கண்டல் என்றும் சொல்வார்கள். அதன் இலை உப்பை வெளியே தள்ளும். நாக்கில் வைத்தால் கரிக்கும்.

இந்த மரத்தின் நொதியை நெல்லுக்குக் கடன் வாங்கினால் என்ன? சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் அஜய் பரிடாவும் அவரது குழுவினரும் இதைச் செய்து பார்த்தார்கள். ஒடிசாக்காரரான பரிடா, 2014ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர், 2022ல் காலமானார்.

நொதியைச் செய்யச் சொல்லும் கட்டளைக்கு "ஜீன்" என்று பெயர். உப்பட்டையின் ஜீனை அவர்கள் பூசா பாசுமதி நெல்லுக்குள் சேர்த்தார்கள். பிறகு லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்புக் கலந்த நீரில் அந்தப் பயிரை வைத்தார்கள். கடல் நீரின் உப்பில் இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எட்டு நாளில் சாதாரண நெல் வாடிவிட்டது. ஜீன் சேர்த்த நெல் தாங்கி நின்றது. 2008ல் இந்த முடிவு வெளியாயிற்று.

டில்லியில் சுதிர் சோபோரியின் குழு கடுகை எடுத்துக்கொண்டது. சர்க்கரையைச் செலவழிக்கும்போது "மெத்தில் கிளையாக்சால்" என்ற இன்னொரு விஷம் பிறக்கிறது. நீரிழிவு நோயாளிகளின் உடலில் அதிகமாகக் காணப்படுவதும் இதுதான். இதை முறிக்கும் "கிளையாக்சலேஸ்" நொதிகள் இரண்டு. ஒன்றின் ஜீனைக் கடுகிலிருந்தும், மற்றொன்றை நெல்லிலிருந்தும் எடுத்துப் புகையிலையில் சேர்த்தார்கள். 2003ல் வந்த செய்தி: அந்தப் புகையிலை உப்பு நீரில் வளர்ந்து, பூத்து, விதையும் கொடுத்தது!

வயலுக்கு வந்ததா?

வரவில்லை. மரபணு மாற்றிய நெல் எதுவும் இந்தியாவில் உழவர் கைக்குச் சாகுபடிக்கு வரவில்லை. அதன் பாதுகாப்பைப் பற்றிய வாதமும் ஓயவில்லை. தொட்டியில் எட்டு நாள் தாங்குவது ஒன்று. வயலில் வெயில், பூச்சி, வெள்ளம் எல்லாம் பட்டு நாலு மாதம் நின்று கதிர் கொடுப்பது வேறொன்று. அத்துடன் பாசுமதி, காவிரிக் கரை உழவர் வழக்கமாக நடும் நெல்லும் அல்ல.

இப்போதைக்குக் களர் நிலத்து உழவருக்குக் கை கொடுப்பவை, திருச்சி வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய்.1, டி.ஆர்.ஒய்.3 போன்ற ரகங்கள். அவற்றில் உப்பட்டை மரத்தின் ஜீனும் இல்லை, கடுகின் ஜீனும் இல்லை. நெல்லின் சொந்த நொதிகளே அங்கே வேலை செய்கின்றன.