பழைய அகமதாபாத்தில் ஒரு காலை நடை

பணியின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ வேற்று மாநில நகரங்களிற் குடியேறிய நம்மிற் பலர், வாழும் நகரை அறிந்திருப்பது மிகக் குறைவு. வீடு, அலுவலகம், அங்காடி, ஊருக்குப் புறப்படும் புகைவண்டி நிலையம் என்னும் இவ்வளவில் நகரம் நமக்கு முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்தும், நேற்று வந்து இறங்கியவரைப் போலவே இருந்துவிடுகிறோம். இந்நிலை மாற, அகமதாபாத்தில் வாழும் தமிழர்க்கு எளிய வழியொன்று உண்டு. ஒருநாட் காலையில் பழைய நகருக்குள் நடந்து வருதலே அது.

1997 நவம்பர் 19ஆம் நாள் அகமதாபாத் மாநகராட்சி, ‘மரபு நடை’ என்னும் பொதுநிகழ்ச்சியைத் தொடங்கியது. வழிகாட்டி ஒருவர் முன் செல்ல, காளுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலிற் புறப்பட்டு ஜும்மா மசூதியில் முடியும் நடை இது. 2017இல் இந்நகரை உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ ஏற்றது. இந்திய நகரங்களுள் அப்பெருமை முதலிற் பெற்றது இதுவே. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நகரமாந்தர் தம் தெருக்களைத் தாமே பார்க்கத் தொடங்கிவிட்டனர் என்பதை நாம் கருத வேண்டும்.

1411இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய இந்நகரின் உயிர்நாடி, ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளாம். ஓரினத்தவரோ ஒரு தொழிலினரோ ஒன்றுகூடி வாழ்ந்த சிறு தெருக்கூட்டமே போள். வாயிலில் பெருங்கதவு இருக்கும். இரவில் அதனை அடைத்துக் காவல் வைப்பர். உள்ளே புகுந்ததும் தமிழ்க் கண்களுக்குப் பழகிய பொருள்கள் பல எதிர்ப்படுகின்றன. அவர்கள் ‘ஓட்லோ’ என்பது நம் திண்ணை. ‘சௌக்’ என்பது நம் முற்றம். முற்றத்தின் அடியில், மழைநீரை ஆண்டு முழுவதும் தேக்கிவைத்த நிலத்தொட்டி உண்டு. தூண்களையும் தாங்குகட்டைகளையும் செதுக்கப் பர்மாத் தேக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்க்கு அதன் கருமையும் வழவழப்பும் புதியன அல்ல.

போள்களின் நடுவே, செதுக்கிய மரத்தூண் ஒன்றின்மேல் சிறு மண்டபம் போன்ற அமைப்பைக் காணலாம். ‘சபூத்ரோ’ என்பது அதன் பெயர். பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே தெருவார் கூடிக் கட்டியது. மரமில்லாத நெருங்கிய சந்துகளில் பறவைக்கும் ஓரிடம் வேண்டுமென்று எண்ணியவர்களின் அருளை என்னென்பது! வழியில் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராமின் வீட்டு முகப்பும் உள்ளது. பழைய வீடு மறைந்துபோக, முகப்பை மட்டும் மீண்டும் எழுப்பி, கவிஞர் திண்ணையில் வீற்றிருப்பதைப் போலச் சிலை அமைத்துள்ளனர். அவ்வாறு நினைவுகூரப்படும் பேறு எல்லா வீடுகளுக்கும் வாய்க்கவில்லை.

சாபர்மதியின் மேற்கரையில் புதிய குடியிருப்புகள் பெருகவே, போள்வாசிகள் பலர் ஆற்றைக் கடந்து சென்றனர். பூட்டிய வீட்டின் செதுக்குத் தூண்கள் கழற்றப்பட்டுப் பழம்பொருள் வணிகரிடம் சேர்கின்றன. தூண் போனபின் சுவர் நெடுநாள் நிற்பதில்லை. பழமை என்றால் வலுவின்மை என்று நினைப்பதும் சரியன்று. 2001 ஜனவரி 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இந்நகரின் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தன. செங்கற்சுவரிடையே மரச்சட்டம் கோத்த பழைய வீடுகளோ பல அதிர்ச்சியைத் தாங்கி நின்றன.

நம் பொங்கலையொட்டி, ஜனவரி 14ஆம் நாள் வரும் உத்தராயணப் பட்டத்திருவிழாவன்று இப்பகுதி புத்துயிர் பெறுகிறது. புதுநகரிற் குடியேறியோர் போள்களின் மொட்டைமாடிகளை அன்றைக்கு வாடகைக்கேனும் பிடித்து ஏறிவிடுகின்றனர். மாடிக்கு மாடி ஒட்டிய அந்நெருக்கத்தில் பட்டம் விடும் இன்பம், அகன்ற புதிய தெருக்களில் ஏது? கோபுரமும் மினாரும் ஒருங்கே தெரியும்படி பழைய நகர் முழுவதையும் காண, அம்மாடிகளைவிடச் சிறந்த இடம் இல்லை. கண்ணாடித்தூள் பூசிய நூலாற் பறவைகள் சிறகறுபடுவது ஒன்றே நம்மை வருத்துவது. சபூத்ரோ கட்டிய ஊரில் இப்படியா என்று தோன்றுகிறது. அடிபட்ட பறவைகளைக் காக்கத் தொண்டர்கள் அந்நாளில் ஊரெங்கும் உழைக்கின்றனர்.

நூற்பாலைகளை நாடி வந்தோரின் வழித்தோன்றல்கள் உள்ளிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல மணிநகர்ப் பகுதியில் வாழ்கின்றன. அங்கிருந்து காளுப்பூர் சில கிலோமீட்டர் தொலைவே. வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும். கோயிலிலும் மசூதியிலும் காலணி களைய வேண்டியிருக்கும். 1424இல் நிறைவுற்ற ஜும்மா மசூதியின் 260 தூண்களிடையே சற்று அமர்ந்திருப்பதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்வது நன்று. இயன்றால் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம். பள்ளியிலும் தெருவிலும் குஜராத்தி கற்றவர்கள் அவர்களே. திண்ணையிலிருக்கும் முதியவர் தம் வீட்டின் கதையைச் சொல்லத் தொடங்கினால், நமக்கு அதனைத் தமிழில் எடுத்துரைப்பவர்களும் அவர்களே.