இலக்குக் குண்டின் மூக்கு ஏன் தட்டை?

கூர்மூக்குக் குண்டுதானே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்? பிறகு ஏன் 25 மீட்டர் போட்டிக்காரர்கள் .38 ஸ்பெஷல் ரிவால்வரில் மூக்கே இல்லாத, உருளை மாதிரியான ஈயக் குண்டைப் போடுகிறார்கள்?

காரணம் இலக்குக் காகிதத்தில் இருக்கிறது. உருண்டை மூக்கு காகிதத்தை விலக்கிக்கொண்டு நுழையும். கிழிசல் பிறகு சுருங்கி, ஓட்டை குண்டைவிடச் சிறிதாகத் தெரியும். தட்டை மூக்கோ பஞ்சிங் மெஷின் போல வட்டமாக வெட்டியெடுக்கும். ஓட்டையின் விளிம்பு மதிப்பெண் வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே கூடுதல் மதிப்பெண் என்பதால் இந்தச் சுத்தம் முக்கியம்.

வேகம் விநாடிக்குச் சுமார் 230 மீட்டர்தான், ஒலியைவிடக் குறைவு. இவ்வளவு கிட்டத்தில் காற்றுத்தடை பெரிதாகக் கெடுக்காது. தூரம் கூடினால் கதை வேறு, குண்டு தள்ளாடத் தொடங்கும்.

ரிவால்வருக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. குண்டு, சுழலும் உருளையிலிருந்து ஒரு மெல்லிய இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் போக வேண்டும். உருளையின் வாய் குழலைவிடக் குறுகலானால், குண்டு அங்கேயே நசுங்கி இளைத்துவிடும். குழலின் சுழல்வரிகள் அதைச் சரியாகப் பிடிக்காது. பக்கவாட்டில் வாயு கசியும். அதனால்தான் பல குண்டுகளுக்கு அடிப்பகுதி குழிவாக இருக்கிறது: அழுத்தத்தில் அந்த மெல்லிய விளிம்பு விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். இந்தப் பொருத்தம் அமையாவிட்டால், வெடிமருந்தை எவ்வளவு கவனமாக நிறுத்துப் போட்டாலும் குறி சிதறத்தான் செய்யும்.