காரை முதல் சாத்தனூர் வரை: கடல் விட்டுப்போன கற்கள்

தமிழ்நாட்டில் பழங்கற்களைத் தேடிப் போகிறவர்கள் கொடுமணலுக்கோ சித்தன்னவாசலுக்கோ போவார்கள். அங்கே பாறைத் துண்டுகளை வட்டமாக நட்டு, நடுவில் செத்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள் இரும்புக்கால மக்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கல்வட்டம் என்றதும் நமக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கிடக்கும் வட்டக்கற்களுக்கு முன்னால் அந்தக் கணக்கெல்லாம் நேற்று சாயங்காலம். அவற்றை எந்த மனிதரும் அடுக்கவில்லை. கடல் பிராணிகள் தங்கள் உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்ட ஓடுகள் அவை. கல்லாகிச் சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டினால் சிறுவாச்சூர். மதுரகாளியம்மனைப் பார்க்க நினைத்தால் திங்களோ வெள்ளியோ வரவேண்டும். மற்ற நாட்களில் பொதுவாக நடை திறப்பதில்லை. இன்னும் தெற்கே ஆலத்தூர் கேட். அந்த வட்டாரத்தில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே இறங்கினால் தெரணி, காரை, கொளக்காநத்தம், சாத்தனூர் என்று ஊர்கள் வரும். இருபுறமும் கரிசலில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். காரில் போனால் இவை மட்டும்தான் கண்ணில் படும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடக்க வேண்டிய பூமி இது.

காரணம், இங்கே பாறை அடுக்குகள் கிழக்குப் பார்த்து மெல்லச் சாய்ந்திருக்கின்றன, கூரையில் சரித்து வேய்ந்த ஓடுகள் மாதிரி. மேற்கே இருப்பது மூத்தது. கிழக்கே போகப் போக இளையது. நெடுஞ்சாலைக்கு மேற்கில் உயிர்த்தடமே இல்லாத ஆதிப்பாறை. தெரணியில் வெள்ளைக் களிமண் வெட்டுகிற குழிகளில் இலைத்தடங்கள். அது இன்னும் தரையாகவே இருந்த காலம். அடுத்தது காரை. அங்கே கடல் வந்துவிட்டது.

இந்தியத் துணைக்கண்டம் அண்டார்டிகாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிந்து வடக்கே நகர்ந்தபோது அதன் கிழக்கு விளிம்பு விரிந்து தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் கடல் ஏறியது. அதன் அடிச்சேறுதான் காரை. புல்கூட ஒழுங்காக முளைக்காத சாம்பல் நிறக் களிமண் மேடுகள். மழை அறுத்த ஓடைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. காவியும் மஞ்சளும் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. வெயிலில் கண்ணாடிச் சில்லாக மின்னுவது ஜிப்சம். யூடியூப்காரர்கள் இதைத் தமிழ்நாட்டு கிராண்ட் கேன்யன் என்கிறார்கள். அமெரிக்கப் பெயர் எதற்கு என்று தெரியவில்லை. காரை என்ற பெயருக்கே உலகத்து நிலவியல் வகுப்பறைகளில் மரியாதை உண்டு.

இங்கேதான் அந்த வட்டக்கற்கள். ஆட்டுக்கொம்பு சுருண்டதுபோல் வரி வரியாகச் சுருண்ட அம்மோனைட்டுகள். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தம். வளர வளரப் பழைய அறையை அடைத்துவிட்டுப் புதிய, பெரிய அறையில் குடியேறும். அதனால்தான் உடைந்த துண்டில் அறை அறையாகச் சுவர் தெரிகிறது. பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு இந்த உருவம் புதிதல்ல. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுக்கப்படும் அந்தக் கல்லும் அம்மோனைட்டுதான். இதைவிட மூத்த கடலிலிருந்து வந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு இந்த இனமும் பூண்டற்றுப் போனது.

குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கும் வெளியூர்க்காரர்களைக் கண்டால் ஆடு மேய்க்கும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். “என்ன தம்பி, முட்டை தேடி வந்தீங்களா?” கேலி நியாயமானதே. 2020 அக்டோபரில் இதே வட்டாரத்துக் குன்னம் ஊர்க் குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது, கூட்டம் கூடியது. நிபுணர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் போன்ற எச்சங்களைச் சுற்றிப் படிவு திரண்ட கற்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூட்டமும் கலைந்தது. முட்டையென்றால் வியப்பு, கடல் என்றால் இல்லையா? பெரம்பலூர் கடலாக இருந்தது என்பது எந்த முட்டையையும்விடப் பெரிய செய்தி.

அந்தச் செய்தி உலகத்துக்குப் போய்ச் சேர்ந்து 175 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவில் திரட்டி அனுப்பிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் லண்டனில் விவரித்தார். 1850-களின் இறுதியில் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை நடந்து வரைபடமாக்கி, அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே சூட்டினார். அவற்றில் கிடைத்த உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டாலிஸ்கா. இன்றைய செக் நாட்டுப் பகுதியிலிருந்து வந்தவர். 1874-ல் லடாக்கில் இறந்து லே நகரில் புதைக்கப்பட்டார். இன்றும் அரியலூர்ச் சிப்பியைப் பற்றி யார் எழுதினாலும் அவருடைய தொகுதிகளைப் புரட்டாமல் முடியாது.

கொளக்காநத்தம் தாண்டிச் சாத்தனூர். இங்கே கல்மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம். வேலிக்குள் ஓடைப் பள்ளத்தில் குறுக்கே படுத்திருக்கிறது. கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு அடித்து வரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்தது. மட்கும் முன்பே நீரில் கரைந்திருந்த சிலிக்கா இழை இழையாக ஏறி, மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. 1940-ல் இதை உலகுக்குச் சொன்னவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான எம்.எஸ். கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். 1951-ல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறது. மரத்தின் வயது 12 கோடி ஆண்டுகள் என்று அறிவிப்பு சொல்கிறது. ஆனால் அது கிடக்கும் திருச்சிராப்பள்ளித் தொகுதி காரையைவிட இளையது; 9 கோடி ஆண்டுகளை ஒட்டியது என்பதே நிலவியலாளர் கணக்கு. அறிவிப்பைத் திருத்தினால் மரத்தின் பெருமை ஒன்றும் குறையாது.

இன்னும் கிழக்கே அரியலூர். கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பாதிக்கு மேல் சிப்பிதான். அதை வெட்டித்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்தக் கடல் இருக்கிறது. அதற்கும் அப்பால் கல்லமேடு. அங்கே கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளுக்கு 1980-களில் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. விவாதத்தைத் தீர்க்க எலும்பு இல்லை. மழையில் ஊறிப் பொடிந்து அழிந்துபோனது. மிஞ்சியவை படங்களும் அளவுக் குறிப்புகளும்தான்.

மழையைக் குற்றம் சொல்ல முடியாது. மனிதர் எடுத்துப் போவதைச் சொல்லலாம். காரைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு சுருளைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு அம்மோனைட் எந்த அடுக்கில், எந்த உயரத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கின் வயதைக் கணிக்கிறார்கள். அலமாரிக்குப் போய்விட்ட கல் அழகாக இருக்கும், எதையும் சொல்லாது. கல்வட்டத்திலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தால் குழி தெரியும், ஆள் கேட்பார்கள். காரையில் குழியும் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. ஒற்றை மரத்துக்கு வேலி போட்ட அரசு, காரையின் ஓடைகளுக்குக் குறைந்தபட்சம் ஒரு காவலரையும் ஒரு பலகையையும் தரவேண்டும்.

போக நினைப்பவர்கள் மழை நின்று வெயில் ஏறாத தை, மாசியில் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்; காரையில் நிழல் கிடையாது. கிட்டத்தில் பார்க்க ஆசையாக இருந்தால் அரியலூர் அருகே வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கண்குளிரப் பார்த்துவிடுங்கள். பிறகு காரைக்கு வந்து, கல்லைப் படம் பிடித்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.