கடலுக்குப் போனால் கரைந்துவிடுமா?

போன தை மாதம் எங்கள் மோட்டார் கொட்டகையின் கூரையைப் பிரித்து மாற்றினோம். பரண் மூலையில், பழைய சைக்கிள் டயருக்கும் உடைந்த கலப்பைக்கும் நடுவில் ஒரு தகர டப்பா. மூடியைத் திறப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பூசணம் பிடித்த சாக்கு மாதிரி ஒரு நாற்றம். ஐம்பது வயதைத் தாண்டிய எந்த உழவருக்கும் அது மறக்காது. பி.எச்.சி. 10 சதவீதத் தூள். கமாக்சின் பவுடர் என்று சொல்வோமே, அதுதான். மூன்று கிலோ இருக்கும். நிலத்தை எனக்கு விற்றவர் எப்போதோ வாங்கிப் போட்டு மறந்திருக்கிறார்.

எங்கள் வயலில் வேலை பார்க்கும் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்தார். "அடுத்த தடவ ஆத்துல வெள்ளம் வர்றப்ப வாய்க்கால்ல கரைச்சு விட்டுடலாம் சார். வெள்ளாறு, அப்புறம் கடல். அவ்ளோ பெரிய கடல்ல இது எம்மாத்திரம்?"

"வேணாம்ணே, அப்படியே வைங்க" என்றேன். ஏன் வேண்டாம் என்று அவருக்குப் புரியும்படி அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்காகப் படிக்க ஆரம்பித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஜப்பானில் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனாபேயும் அவருடைய சகாக்களும் 1984-ல் வெளியிட்டது. வட பசிபிக் கடலின் மேற்குப் பகுதியில் தண்ணீர், மிதவை உயிரிகள், சிறு மீன், கணவாய், டால்பின் எல்லாவற்றையும் எடுத்து டி.டி.டி. எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். ஒரு டன் கடல்நீரில் 0.00014 மில்லிகிராம். இல்லை என்றே சொல்லிவிடலாம். அந்த நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளில் டன்னுக்கு 1.7 மில்லிகிராம். அவற்றைத் தின்னும் சிறு மீனில் 43. மீனையும் கணவாயையும் தின்னும் டால்பினில் 5,200. தண்ணீரிலிருந்து டால்பினுக்குப் போவதற்குள் 3 கோடியே 70 லட்சம் மடங்கு. சைபரை எண்ணுவதில் தப்பு செய்துவிட்டேனோ என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் வட்டிக் கணக்குப் போட்டவன், ஆனால் இப்படி ஒரு வட்டியைப் பார்த்ததில்லை.

இது எப்படி நடக்கிறது? டி.டி.டி. மாதிரியான பொருட்கள் தண்ணீரில் கரைவது அபூர்வம், கொழுப்பில் நன்றாகக் கரையும். உடம்புக்கு அவற்றைச் சிதைக்கவும் தெரியாது, சிறுநீரில் வெளியேற்றவும் முடியாது. ஒரு மீன் ஒரு கிலோ எடை கூட வேண்டுமானால் பல கிலோ இரை தின்ன வேண்டும். தின்ற இரையில் பெரும்பகுதி நீந்துவதற்கும் மூச்சு விடுவதற்கும் எரிந்து போகிறது. அதிலிருந்த நஞ்சு மட்டும் எரியாமல் கொழுப்பில் தங்குகிறது. அந்த மீனைப் பெரிய மீன் தின்கிறது. அதுவும் ஒன்றல்ல, வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு படியிலும் பழைய பாக்கி மொத்தமும் அடுத்தவர் பேரில் ஏறுகிறது. வங்கியில் வாராக்கடனை ஒரு கட்டத்தில் தள்ளுபடி செய்வோம். இங்கே அதற்கு வழியில்லை.

வழி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டால் மனசு கஷ்டப்படும். பெண் டால்பின், பெண் திமிங்கலத்தின் உடம்பில் வயதாக ஆக நஞ்சு குறைகிறது. ஆணில் ஏறிக்கொண்டே போகிறது. தாய்க்குக் குறைவது எங்கே போகிறது என்றால், பாலில். அதிலும் முதல் குட்டிக்குத்தான் பெரும்பங்கு.

இப்போது நம் டப்பாவுக்கு வருகிறேன். அதில் இருப்பது பி.எச்.சி. இது டி.டி.டி. அளவுக்கு மோசமாகப் படியேறுவதில்லை. தனாபேயின் அதே ஆய்வில் நீரிலிருந்து டால்பினுக்கு இது ஏறியது 37 ஆயிரம் மடங்குதான். 'தான்' என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் பயணம் போவதில் பி.எச்.சி.யை மிஞ்ச ஆளில்லை. இதைக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? நம்ம வெள்ளாறு! பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் அதே ஜப்பான் குழுவினரும் சேர்ந்து வெள்ளாற்றுப் படுகையின் நெல் வயலில் பி.எச்.சி. போட்டு, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 1991-ல் முடிவு வெளியானது. போட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஆவியாகிக் காற்றில் போய்விட்டது. ஆற்றோடு கடலுக்குப் போனது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நம்ம ஊர் வெயில் அப்படி.

காற்றில் போனது எங்கே இறங்கும்? குளிர் எங்கே இருக்கிறதோ அங்கே. சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி கொஞ்சம் கிளம்பி, தத்தித் தத்தி வடக்கே போகிறது. ஆகவே நெல்லே விளையாத, கமாக்சின் பேரே கேள்விப்படாத ஆர்க்டிக் கடலில் இந்த மருந்து சேர்ந்தது. சீனா 1983-ல் பி.எச்.சி.யை நிறுத்தியதும் ஆர்க்டிக் காற்றில் அதன் அளவு சட்டென்று இறங்கியது. 1990-ஐ ஒட்டி இந்தியாவிலும் சோவியத் நாட்டிலும் உபயோகம் குறைந்தபோது மறுபடி ஒரு படி இறங்கியது. நம் நாட்டில் முழுத் தடை 1997-ல் வந்தது. நம் வயலில் தூவாமல் விட்டது துருவத்தில் அளக்கும் கருவியில் தெரிந்திருக்கிறது.

அந்தப் பனிநாட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள். கனடாவின் வடகோடியில் இனூயிட் மக்கள். சீல், வெள்ளைத் திமிங்கலம், அவற்றின் கொழுப்பு, இவைதான் தலைமுறை தலைமுறையாகச் சாப்பாடு. 1980-களின் கடைசியில் எரிக் டெவாய்லி என்ற மருத்துவர் கியூபெக் மாநிலத்தின் தென்பகுதித் தாய்மார்களின் பாலில் பி.சி.பி. என்ற நஞ்சைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கலந்த பொருள் அது, இதுவும் அதே சாதி. மாசே இல்லாத பால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வடக்கேயிருந்து இனூயிட் தாய்மார்களின் பாலை வரவழைத்தார். தொழிற்சாலைகள் இருக்கும் தெற்கைவிட அதில் ஐந்து மடங்கு இருந்தது. (தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதன் நன்மை பெரிது. நம் வாசகிகள் யாரும் பயந்துவிட வேண்டாம்.)

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு. எண்பதுகளின் நடுவில் கிராமக் கிளை ஒன்றில் பயிர்க்கடன் பார்க்கும் அலுவலராக இருந்தேன். கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமும் மருந்தும். மருந்துப் பகுதியை வாங்காமல் ரொக்கம் மட்டும் கேட்டு வருபவர்களை நான் விடமாட்டேன். "பில் எங்கே? பில்லைக் கொண்டா, அப்புறம் பார்க்கலாம்." ஒருவர் "எனக்குப் பூச்சியே இல்ல சார், மருந்து எதுக்கு" என்று கேட்டார். விதி என்றேன். அவர் வாங்கிக்கொண்டு போன டப்பாவும் இப்படி ஏதோ ஒரு பரணில் இன்னமும் இருக்கலாம். இல்லை, தூவியிருந்தால் எங்கே போயிருக்கும் என்று இப்போது தெரிகிறது.

இதற்கிடையில் நண்பர் ஒருவர், "அப்ப நாம போடற மீன் அமிலத்துலயும் நஞ்சு இருக்குமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் சங்கிலியின் கீழ்ப்படியில் இருப்பவை, கொஞ்ச காலமே வாழ்பவை. அவற்றில் சேருவது குறைவு. அந்தக் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து, அதையும் தண்ணீரில் பல மடங்கு கலந்துதான் தெளிக்கிறோம். நான் நிறுத்தவில்லை. சாப்பாட்டுக்கும் எங்கள் வீட்டில் மத்திதான். சுறாவை விட்டு வெகுநாளாயிற்று.

டப்பாவை என்ன செய்வது? புதைத்தால் மண்ணில் பல வருஷம் கிடக்கும். எரித்தால் இன்னும் மோசம்: குளோரின் கலந்த பொருளைச் சாதாரண நெருப்பில் போட்டால் டயாக்சின் உண்டாகும். 2001-ல் ஸ்டாக்ஹோமில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் 12 நஞ்சுகளில் டயாக்சினும் ஒன்று. பி.எச்.சி. 2009-லும், நமக்கு நன்றாகத் தெரிந்த எண்டோசல்ஃபான் 2011-லும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அலுவலகம் ஒன்றில் போய்க் கேட்டேன். "மூணு கிலோவுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார்கள்.

டப்பாவை இரண்டு தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, மூடி போட்ட டிரம்மில் வைத்து, சிவப்புப் பெயின்டில் 'விஷம்' என்று எழுதிப் பூட்டியிருக்கிறேன். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, மேட்டுத் தரையில்.

பெரியவரிடம் டால்பின் கதையையும் குட்டி கதையையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை வந்ததும், "எங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு கெடக்கு சார், பேன் மருந்துக்குன்னு வச்சிருந்தது" என்றார். இப்போது டிரம்மில் இரண்டு இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இருந்தால் வாய்க்காலில் விடாதீர்கள், பூட்டி வையுங்கள். என்ன மருந்து, எத்தனை கிலோ, எந்த வட்டம் என்று இதழுக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். கணக்கு கையில் இருந்தால் மனு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை.