கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பு

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து சென்னையை நோக்கிச் செல்வோர்க்கு நான்காவது நிலையம் வில்லிவாக்கம். அதனை அடுத்த கொளத்தூர், வண்ண மீன் உற்பத்தியிலும் வியாபாரத்திலும் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊராகும். வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, மீன் குஞ்சு பொரிக்கச் செய்து ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் அங்கு அநேகம். ஆகவே இப்பக்கத்து வீடுகளில் கண்ணாடித் தொட்டி அரிய காட்சியன்று.

இப்பொழுதுபோக்கு நெடுநாளாக உள்ளதே. 1853-ஆம் ஆண்டில் இலண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்கள் காண மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டிலேயே அத்தகைய காட்சியகம் ஒன்று ஏற்பட்டது. எனினும் இன்றும் புதிதாய்த் தொட்டி வைப்போரில் பலர், மீன்கள் சில நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாய் மடியக் கண்டு மனம் சலித்து, தொட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். விற்றவர் மீதும் விதி மீதும் பழி சுமத்துவதில் பயனில்லை. பெரும்பாலும் குற்றம் நீரில் உள்ளது. மீனை வளர்க்க விரும்புவோர் முதலில் நீரைப் பக்குவம் செய்ய அறிதல் வேண்டும்.

நீர் பக்குவமாதல்

மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய உணவும் அழுகுவதால் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. மண்ணில் இட்ட எருவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றிப் பயிருக்கு அளிப்பதை விவசாயிகள் அறிவர். தொட்டியிலும் அவ்வாறே நிகழ்கிறது. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இவ்வுயிர்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். உழவும் தொழியும் முடியாத வயலில் நாற்று நடுவார் உண்டோ? நீர் நிரப்பிய அன்றே தொட்டி நிறைய மீன் விடுவதும் அத்தகையதே. முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, உணவைக் குறைவாய் அளித்து, வாரந்தோறும் சிறிது சிறிதாய்த் தொகையைப் பெருக்குதல் நலம்.

தொட்டியும் இடமும்

இரண்டு அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி தொடக்கத்துக்கு ஏற்றது. இது சுமார் 56 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 56 கிலோ ஆதலால், பலகை உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் அவசியம். மிகச் சிறிய தொட்டி பராமரிப்புக்கு எளிது என்பது தவறான எண்ணம். நீர் குறைந்தால் அது விரைவில் கெடும். ஜன்னல் வெயில் நேரே படும் இடமும் ஆகாது. பாசி மிகுவதுடன், சித்திரை, வைகாசி மாதங்களில் நீர் சூடேறும். சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். ஆற்று மணலைப் பலமுறை அலசி இரண்டு அங்குலம் பரப்புக. குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பின், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து, அல்லது கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை இட்டு, அதன்பின் உபயோகிக்க.

மீனும் உணவும்

கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை புதியவர்களுக்கு ஏற்றவை. இவை குட்டி ஈனும் இனங்கள். மேற்சொன்ன தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு சிறு மீன்கள் போதும். தங்க மீன் பெரிதாய் வளர்ந்து மிகுந்த கழிவு விடுவதால் சிறு தொட்டிக்குப் பொருந்தாது. ஃபைட்டர் இனத்தின் ஆண் மீன்கள் இரண்டை ஒருங்கே விட்டால் சண்டையிட்டு மாளும். வாங்கி வந்த மீனைப் பையுடன் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாய்ப் பைக்குள் சேர்த்து, பின்னர் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக.

இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீரும் அளவே உணவு. நாளொன்றுக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும். பசியால் இறக்கும் மீன்களைக் காட்டிலும், மிஞ்சிய உணவு அழுகுவதால் இறப்பனவே அதிகம்.

வாரப் பணி

வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை அடியிலிருந்து குழாய் மூலம் உறிஞ்சி எடுத்துப் புது நீர் சேர்க்க. முழு நீரையும் கொட்டி, மணலைக் கழுவி, சோப்பிட்டுத் துலக்குவது நன்மை செய்யும் நுண்ணுயிர்களை ஒழிப்பதாகும். வடிகட்டியின் பஞ்சையும் வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அலசுக. கழித்த நீரில் நைட்ரேட் உள்ளமையால், கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் ஊற்றலாம். மின்சாரம் நின்று காற்றுக் குழாய் ஓயும்போது, ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிவர, மீன் தப்பும்.

ஏரியில் விடலாகாது

நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது இதுவே. வளர்க்க அலுத்தவர்கள், ஜீவகாருண்யம் என எண்ணி, மீன்களை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். பாசி தின்னும் என்று கடைகளில் 'டேங்க் கிளீனர்' என விற்கும் மீன் தென் அமெரிக்க ஆறுகளுக்கு உரியது. விரலளவாய் வாங்கியது ஓரடிக்கு மேலும் வளரும். உடல் முழுதும் கடின ஓடு உள்ளதால் மற்ற மீன்கள் இதனை எளிதில் உண்ணா. காற்றையும் சுவாசிக்க வல்லதாகையால் கெட்ட நீரிலும் பிழைக்கும். முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டுவதால் மண் சரியும். மீனவர் வலையையும் கிழிக்கும், விலைக்கும் போகாது. சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளிலும் இது பிடிபட்டுள்ளது.

ஒரு வீட்டில் விட்ட சிறு மீன், ஏரிக்கரையையும் அதன் கீழ்ப்பட்ட பாசனத்தையும், நம் நாட்டுக் கெண்டையையும் பாதிக்கக்கூடும். ஏரி முழுதும் பரவிய பின்னர் அதனை ஒழித்தல் பெரும் பிரயாசை. ஆதலின், வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதும், வளர்க்கும் மற்றொருவருக்கு அளிப்பதுமே தக்க வழி. வெளியில் சிமெண்டுத் தொட்டி வைத்திருப்போர், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் வழிந்து வாய்க்காலில் சேராதபடி, வழியும் வாய்க்கு நெருங்கிய வலை கட்டுதல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பாராயின், ஊருக்கு நன்மை உண்டாகும்.

தொட்டி வீட்டினுடையது, ஏரி ஊருடையது. முன்னதில் நீரைப் பக்குவமாய்ப் பேணுவோர், பின்னதையும் காக்கக் கடமைப்பட்டவர்களே.