மணிமுத்தாற்றில் படகு விடலாமா?

மாசி மகத்தன்று விருத்தாசலத்துக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் மணிமுத்தாற்றில் இறங்கியதும் தேடுவது தண்ணீரைத்தான். பக்கத்து மங்கலம்பேட்டையில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் அந்த ஆற்றைப் பார்த்துவிடலாம். பல ஆண்டுகளில் கண்ணில் படுவது மணலும் சீமைக்கருவேலமும்தான். கல்வராயன் மலையில் பிறக்கும் ஆறு. மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அமெரிக்காவின் வெர்மான்ட், மெய்ன் பக்கம் கதையே வேறு. பங்குனி, சித்திரையில் மலைப்பனி உருகும். கோடையில் ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடைகூட அப்போது நுரை கக்கிக்கொண்டு ஓடும். இது சில வாரக் கூத்துதான். அதற்காகவே ஆண்டெல்லாம் காத்திருக்கிறார்கள் கேனோக்காரர்கள்.

கேனோ, அந்த மண்ணின் பூர்வகுடிகள் பூர்ச்ச மரப்பட்டையில் கட்டிய படகின் வாரிசு. மேலே மூடி கிடையாது. மண்டியிட்டு, ஒற்றை இலைத் துடுப்பால் வலிக்க வேண்டும். கயாக் என்ற இன்னொரு வகைப் படகில் இடுப்பைச் சுற்றி மூடியிருப்பதால் அலை உள்ளே வராது. கேனோவில் அது மடியிலேயே வந்து விழும். முன்னும் பின்னும் காற்றுப் பைகளை அடைத்துத் தண்ணீர் புகும் இடத்தைக் குறைப்பார்கள். மீறிப் புகுந்ததை இறைத்துக் கொட்ட வேண்டியதுதான். பாறைக்குப் பின்னால் நீர் அடங்கி, எதிர்த்திசையில் திரும்பும் இடம் ஒன்று உண்டு. படகை அதில் சொருகி நிறுத்தி, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே நகர்வார்கள். வேக விளையாட்டு என்று பெயர். எனக்கென்னவோ, நிற்கத் தெரிந்தவர்களின் விளையாட்டாகவே படுகிறது.

நம்மிடம் இதற்கு உறவு என்றால் ஒகேனக்கல் பரிசல். அதுவும் மூடியில்லாதது, ஒற்றைத் துடுப்பில் ஓடுவது. மூங்கில் பின்னி முன்பு தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக், ஃபைபர் வந்தது. காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். கேனோக்காரர் புறப்படும் நேரத்தில் பரிசல்காரர் கரையேறுகிறார். பயணிகளை ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அதுதான் நியாயம்.

வெள்ளத்தைத் தேடிப் போகிற கூட்டம் இந்தியாவிலும் இருக்கிறது, கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியில். தென்மேற்குப் பருவமழையில் சாலிப்புழையும் இருவஞ்சிப்புழையும் பொங்கும்போது மலபார் நதித் திருவிழா நடக்கிறது. 2013-இல் தொடங்கியது, வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். அங்கே கயாக்தான் ராஜா.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் மணிமுத்தாறும் ஓடும். அப்போது நம் பையன்களுக்கும் ஆசை வரலாம். இரண்டு விஷயம் தடுக்கிறது. ஒன்று, வெள்ளத்தில் முங்கி நிற்கும் கருவேலம்: தண்ணீர் கிளைகளின் வழியே போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். மற்றொன்று, நம் ஆறுகளில் பரவலாக இருக்கும் தடுப்பணை. பார்க்க அழகாக வழிகிற தண்ணீர், விழுந்த இடத்தில் சுருண்டு மேல்மட்டத்தில் மறுபடி சுவரை நோக்கியே திரும்புகிறது. மிதப்பது எதையும் அது இழுத்துக்கொள்ளும். பாறை அருவியில் எங்காவது இடுக்கு இருக்கும். கரைக்குக் கரை கட்டிய கான்கிரீட்டில் அது கிடையாது. உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தாலும் அந்தச் சுழலை விட்டு வெளிவருவது கடினம். ஆசைப்பட்டவர்கள் முதலில் அசையாத தண்ணீரில் துடுப்புப் பழகிவிட்டு, ஆடி மழையில் கோடஞ்சேரிக்குக் கிளம்புவது உத்தமம்.